ஒற்றைக் குட்டைக்கை

விசிறியை அணைத்த பிறகுதான் அது எவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. ஞானதிரவியம் முக்காலியை இழுத்து மேசையோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். சனிக்கிழமை மத்தியானம், கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் வேறு யாருமில்லை, சன்னலுக்கு வெளியே மைதானத்தில் பையன்கள் பந்தடிக்கும் சத்தம் மட்டும். வெயில் சுவரைத் தாண்டி உள்ளே வந்து கழுத்தில் உட்கார்ந்துகொண்டது. ஆனாலும் விசிறி கூடாது, காற்று பட்டால் தட்டிலிருக்கும் ஆல்கஹால் அசையும், ஆல்கஹால் அசைந்தால் சிலந்தி அசையும். சிலந்தி என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வெறும் கண்ணுக்கு அது ரவையில் உடைந்த ஒரு குருணை. நுண்ணோக்கியின் கீழேதான் அதற்குக் காலும் கண்ணும் வரும், கண் என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான், இருட்டிலேயே பிறந்து இருட்டிலேயே சாகிற சாதி என்பதால் கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய புள்ளிகள் மட்டும் மிஞ்சியிருந்தன. மேற்கு மலையில் வேட்டாளிப் புடவு என்று சொல்கிற குகைக்குள் வருஷக்கணக்கில் ஊர்ந்து ஊர்ந்து தேடியதில் பெண்கள் வேண்டிய மட்டும் கிடைத்தன, வளர்ந்த ஆண் இந்த ஒன்றுதான். இந்த வகையில் பெண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது, அக்கா தங்கைகளைப் போல எல்லாம் ஒரே சாயல். ஆண் வேண்டும். ஆணிலும் அதன் குட்டைக்கை வேண்டும். புத்தகத்தில் பால்ப் என்று இருக்கும், அவர் வகுப்பில் குட்டைக்கை என்றே சொல்லுவார், எட்டுக் கால்களுக்கு முன்னால் வாயின் இரு பக்கமும் இருக்கிற இரண்டு குட்டைக் கைகள். ஆண் வளர்ந்ததும் அவற்றின் நுனி குத்துச்சண்டைக்காரனின் உறைபோல வீங்கும், உள்ளே சுருளும் முள்ளும் தகடுமாக, ஒரே ஒரு பூட்டுக்கென்று செய்த சாவியின் வேலைப்பாடு. இனத்துக்கு இனம் மாறுவது அது. அதைக் கழற்றித் திருப்பி எல்லாப் பக்கமும் பார்த்து வரைந்தால்தான் இது புதிய இனம் என்று சொல்ல முடியும், இல்லையென்றால் மலைக்கு அந்தப் பக்கம் எப்போதோ ஒரு வெள்ளைக்காரர் பெயர் வைத்துவிட்டுப் போன சிலந்தியின் பங்காளி என்று ஓரமாக ஒதுக்கிவிடுவார்கள். இடது குட்டைக்கையைக் கழற்றுவதுதான் வழக்கம். உலகம் முழுக்க அதுதான் வழக்கம், யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது, எல்லாரும் இடதையே வரைந்தால்தான் ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்க்க முடியும், வலது உடம்போடு பத்திரமாகச் சேமிப்பில் இருக்கும். இவனுக்கு இடது இல்லை. வலது மட்டும்தான். உடைந்தால் உடைந்ததுதான், இன்னொன்று கிடையாது.

ஊசியை இன்னும் எடுக்கவில்லை. தையல் ஊசி இல்லை, பூச்சிகளைக் குத்தி வைக்கிற மயிரிழை ஊசி, தீக்குச்சி முனையில் செருகிப் பசை போட்டு அவரே செய்துகொண்டது. வலது கை மடியில் கிடந்தது. கிடந்தது என்று சொல்ல முடியாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டு, இல்லாத இலையில் இல்லாத தூளை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தன. இந்த வட்டாரத்தில் பாதி வீட்டில் பீடி சுற்றுகிறார்கள், யாருக்கு இது வித்தியாசமாகத் தெரியப் போகிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார். நடுக்கத்தைக் காட்டப் போனபோது டாக்டரிடமும் இதைச் சொல்லிப் பார்த்தார், டாக்டர் சிரிக்கவில்லை. வெள்ளைத்தாளைக் கொடுத்து நடுவிலிருந்து வெளியே ஒரு சுருள் வரையச் சொன்னார், சிலந்தி வலை மாதிரி என்று உதாரணமும் சொன்னார், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல். வரைந்ததைப் பார்த்து, ரொம்பச் சின்னதாக இருக்கிறதே என்றார். சின்னதாக வரைவதுதான் டாக்டர் என் தொழில் என்றார் திரவியம். அதற்கும் சிரிக்கவில்லை. எழுத்து போகப்போகச் சிறுக்கும், நடை தளரும், மாத்திரை இருக்கிறது, பயப்பட வேண்டாம், இந்த நடுக்கம் கை சும்மா இருக்கும்போதுதான் வரும், ஒரு வேலையில் இறங்கிவிட்டால் அடங்கிவிடும், இப்போதைக்கு. அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் அவர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார். இப்போதைக்கு என்றால் எது வரைக்கும். இந்த மத்தியானம் அதற்குள் அடங்குமா. வீட்டில் வைட்டமின் குறைச்சல் என்று சொல்லி வைத்திருந்தார். ஜெயசீலி ஒன்றும் கேட்கவில்லை, கட்டிய நாளிலிருந்தே அவள் கேட்காமல் தெரிந்துகொள்கிற மனுஷி. இன்று காலை முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து வந்தாள், ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் பொத்தானை மாட்டினாள், மாட்டிவிட்டு, "வைட்டமின் கொறஞ்சா பொத்தான் ஓட்டையுமா சின்னதாப் போவும்?" என்றாள். முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், அவள் அந்தப் பொத்தானைப் போட எடுத்துக்கொண்ட நேரம் ஞாபகத்துக்கு வந்தது, ஒரு பொத்தானுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நாடி பார்க்கிறவளைப் போல.

அனுப்பிவிடலாம். அனுப்புவதுதான் நியாயம். நஸ்ரின் நேற்றும் பேசினாள். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் இதே மேசையில் உட்கார்ந்து தன் முதல் சிலந்தியை உடைத்துவிட்டு மூக்கைச் சிந்தி அழுத மேலப்பாளையத்துப் பெண், இன்று பெங்களூரில் பெரிய ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள், அங்கே ஒரு இயந்திரம் வந்திருக்கிறது, கழற்றாமல் வெட்டாமல் உள்ளே புகுந்து பார்த்துக் குட்டைக்கையை யானை அளவுக்குத் திரையில் சுழற்றிச் சுழற்றிக் காட்டுமாம். "அனுப்பி வைங்க சார். ஒரு முடியக்கூடத் தொட வேண்டாம். ஏற்கெனவே டேமேஜ் ஆனது, இருக்கறதையும் ஏன் சார் ரிஸ்க் எடுக்கணும்?" ஏற்கெனவே டேமேஜ் ஆனது. எதைச் சொன்னாள், சிலந்தியையா. போன மாதம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது கை அதுவாகத் திரைக்குள் வந்துவிட்டது, வெடுக்கென்று மேசைக்கடியில் இழுத்துக்கொண்டார், பார்த்திருப்பாளோ. பார்த்திருந்தால் கேட்டிருப்பாள். பார்த்ததனால்தான் கேட்காமல் இருக்கிறாளோ. துறைத்தலைவர் சுடலைமணி வயதில் இளையவர், நல்ல மனுஷன், கெட்டவராக இருந்தால் சண்டையாவது போடலாம். ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும், "அண்ணாச்சி, அந்தப் பிள்ளகிட்டக் குடுத்துருங்க. கட்டுரையில உங்க பேரு மொதல்ல வந்தா என்ன, ரெண்டாவது வந்தா என்ன, சிலந்தியா வந்து கேக்கப் போவுது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். திரவியமும் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் இன்னும் நெஞ்சுக்குழியில் மீன் முள்ளாக நிற்கிறது. எதற்குச் சிரித்தேன். பெயருக்காகத்தான் இதெல்லாம் என்று அவர்கள் நினைத்ததை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டதே. பெயருக்காக இல்லையா. இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா. எந்தக் கையை வைத்து. நடுங்குகிற கையை வைத்துச் சொன்னால் சத்தியம் நிற்குமா. ஐம்பத்தாறு வயதில் ஒரு மனுஷன், தும்மினால் காணாமல் போகிற ஒரு பூச்சியின் முன்னால் உட்கார்ந்து, தன் கௌரவத்தை அதன் குட்டைக்கையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். சிரிக்க வேண்டியதுதான். ஆனாலும் அவர்கள் சிரித்திருக்க வேண்டாம்.

தட்டின் அடியில் ஜெல் இருந்தது. கொரோனா காலத்தில் கல்லூரி வாங்கிக் குவித்த, கை தேய்க்கிற ஜெல், ஸ்டோர் ரூமில் இன்னும் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக இருக்கிறது, சிலந்தியை வேண்டிய கோணத்தில் நிறுத்தி வைக்க அதைப்போல ஒன்று கிடையாது, கீழே ஜெல், மேலே ஆல்கஹால், நடுவில் சிலந்தி தொட்டில் பிள்ளையாகக் கிடக்கும். இடது கையால் மழுங்கிய ஊசியை எடுத்து அதைப் புரட்டத் தொடங்கினார். இடது கைக்கு இன்னும் ஒன்றுமில்லை, இன்னும் என்று ஏன் நினைத்தோம், அந்த வார்த்தையை அழித்துவிட்டு, இடது கைக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டார். புடவுக்குள் அன்றைக்கு வலது கைதான் தூரிகையைப் பிடித்திருந்தது. வயிற்றால் ஊர்ந்து போகிற வழி, முதுகில் பாறை உரசும், வவ்வால் எச்சத்தின் நெடி கண்ணைக் கரிக்கும், தலையில் கட்டிய விளக்கின் வட்டத்தில் பாறை விளிம்புக்கு அடியே கைக்குட்டையின் நூல் பிரிந்த மாதிரி ஒரு வலை, அதன் ஓரத்தில் இவன். பார்த்த கணத்திலேயே ஆண் என்று தெரிந்துவிட்டது, மூச்சை நிறுத்திக்கொண்டார், தூரிகையை ஆல்கஹாலில் நனைத்து நீட்டினார், அந்த நேரம் பார்த்துப் புடவு வாயில் காத்துக்கொண்டிருந்த வனக்காவலர், "சார், உயிரோட இருக்கீயளா?" என்று குரல் கொடுத்தார், கை ஒரு துள்ளு துள்ளியது, தூரிகை சிலந்தியைப் பாறையோடு சேர்த்து அழுத்தியது. குரலால் துள்ளியதா, தானாகத் துள்ளியதா. அப்போது டாக்டரிடம் போயிருக்கவில்லை, ஒரு பெயரும் வந்திருக்கவில்லை, தூக்கமில்லாததனால் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். திரும்பி வந்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது இடது குட்டைக்கை இல்லை. தூரிகையின் மயிர்களுக்கிடையே தேடினார், குப்பியின் அடியில் தேடினார், கைக்குட்டையை உதறித் தேடினார். இல்லை. நான்தான் பிய்த்தேன். அன்றிலிருந்து தினமும் ஒரு தடவையாவது அந்தப் பாறை விளிம்பு வரும், தூரிகை வரும், அழுத்துகிற அந்த மெத்தென்ற உணர்ச்சி விரல் நுனியில் வரும், பல் தேய்க்கும்போது வரும், கோயிலில் முழந்தாள் படியிட்டு இருக்கும்போது வரும், மன்னிப்புக் கேட்க வேண்டிய பட்டியலில் ஒரு சிலந்தியின் கையும் உண்டா என்று தெரியாமல் எழுந்து வந்துவிடுவார். டாக்டர் நோயின் பெயரைச் சொன்ன நிமிஷத்தில்கூட அவருக்கு முதலில் வந்த நினைப்பு நடையோ எழுத்தோ இல்லை, அப்படியென்றால் அது நான்தான் என்பதுதான்.

சிலந்தி புரண்டது. வேண்டியது வலது பக்கம், ஆனால் மழுங்கிய ஊசி கொஞ்சம் அதிகமாகத் தள்ளிவிட்டதில் இடது பக்கம் மேலே வந்துவிட்டது. இடது பக்கத்தை அவர் சரியாகப் பார்த்ததே இல்லை, பார்க்க மனம் வராது, இல்லை என்று தெரிந்ததும் குற்றவாளி செத்தவன் முகத்தைப் பார்க்காத மாதிரி திருப்பி வைத்துவிடுவார். இப்போது பார்த்தார். பெரிதாக்குகிற திருகைத் திருகினார். பிய்ந்த இடம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும், எத்தனை மாணவர்கள் எத்தனை சிலந்தியைப் பிய்த்திருக்கிறார்கள், உறை கிழிந்த ஓரம், வெற்றுக்குழாய், அதற்குள்ளிருந்து நூலாகத் தொங்கும் சதை. இங்கே கிழிசல் இல்லை, குழாய் இல்லை. மழமழவென்று உருண்டு மூடிய ஒரு மேடு, பழுப்புத் தழும்பு, அதன்மேல் உடம்பின் மற்ற இடத்தைப் போலவே புதுத்தோல், தோலில் ஒரு முடிகூட முளைத்திருந்தது. திரவியம் கண்ணை எடுத்தார், துடைத்தார், மறுபடி வைத்தார். முடி இருந்தது. சிலந்தி கடைசியாகத் தோலுரித்து வளர்ந்து ஆணான பிறகு அதற்கு மேல் ஒன்றும் முளைக்காது. அப்படியானால் இந்தக் கை போனது தோலுரிப்பதற்கு முன்னால். அவர் தூரிகையை நீட்டுவதற்கு எவ்வளவோ முன்னால். நான் இல்லை. சத்தமாகச் சொல்லிவிட்டாரோ, சன்னலைப் பார்த்தார். நான் இல்லை. பிறகு ஆய்வாளனுக்குரிய சந்தேகம் வந்தது, சந்தோஷத்தின் சட்டையைப் பிடித்து இழுத்தது, இளவயதில் பூரான் கடித்திருக்கலாம், வலையில் சிக்கியிருக்கலாம், ஒரு தழும்பை வைத்து எதையும் சொல்ல முடியாது, ஒன்று என்பது விபத்து. இன்னொன்று வேண்டும். எழுந்து அலமாரிக்குப் போனார். கீழ்த்தட்டில் அவரே சேதம் என்று எழுதி ஒட்டிய குப்பி இருந்தது, ஒவ்வொரு தடவை மலைக்குப் போய் வந்தபோதும் காலோ கையோ போனதையெல்லாம் அதில் போட்டுவிடுவார், மாணவர்கள் ஊசி பிடித்துப் பழகட்டும் என்று. தட்டில் கவிழ்த்தார். புடவுச் சிலந்திகளைத் தனியே ஒதுக்கினார். வளர்ந்த ஆண் கிடையாது, பருவமடைய இன்னும் ஒரு தோலுரிப்பு மிச்சமிருந்த பையன்கள் இருந்தார்கள், குட்டைக்கை அப்போதுதான் மொட்டாக வீங்கத் தொடங்குகிற வயது. முதலாவதற்கு வலது இல்லை. அடுத்ததற்கு இடது இல்லை. அதற்கடுத்ததற்கும் இடது இல்லை. பிறகு வந்ததற்கு வலது. எல்லாவற்றுக்கும் ஒன்றே ஒன்று, எல்லாவற்றுக்கும் மழமழவென்று மூடிய மேடு. அதைவிடச் சிறியவற்றுக்கு, வேறு ஏதோ கால் போனதற்காக உள்ளே வந்து விழுந்தவற்றுக்கு, இரண்டும் இருந்தன. முக்காலியில் உட்கார்ந்தார். எங்கோ கடல் தாண்டிய நாட்டில், இதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குடும்பத்துச் சிலந்தியில், வளரப் போகிற ஆண் தன் இரண்டு குட்டைக்கைகளில் ஒன்றைத் தானே முறுக்கிப் பிய்த்து எறிந்துவிடும் என்று வாசித்திருக்கிறார். உடம்பு சின்னது, கை பெரியது, இரண்டையும் சுமந்துகொண்டு ஓட முடியாது, ஒன்றை விட்டால் வேகம் கூடும். இந்தக் குடும்பத்தில் இப்படி ஒன்று இருப்பதாக அவருக்குத் தெரிந்து யாரும் எழுதியதில்லை. எப்படி எழுதுவார்கள். இரண்டு இருந்தால்தான் முழுசு என்று எல்லாரும் நினைத்திருக்கிறோம், ஒன்று இருந்தால் சேதம் என்று குப்பியில் போட்டு மூடினோம். மூடியது நான். என் எழுத்து. அந்தச் சேதத்தைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகளிடம் கொடுத்து வெட்டிப் பழகச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது கழற்றத்தான் வேண்டுமா. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் உடைந்திருந்தால் ஒரு குட்டைக்கை மட்டும்தான் போயிருக்கும், இப்போது உடைந்தால் இதையெல்லாம் மெய்ப்பிக்கிற ஒரே வளர்ந்த ஆண் போய்விடும். குப்பியில் போட்டு, பஞ்சு வைத்து, பெட்டியில் கட்டி, திங்கட்கிழமை கூரியரில் பெங்களூருக்கு அனுப்பலாம். அறிவுள்ளவன் அதைத்தான் செய்வான். செய்தால் நஸ்ரின் மரியாதையாக நடத்துவாள், அவர் பெயரைத்தான் முதலில் போடுவாள், அவர் வேண்டாம் என்றாலும் போடுவாள். அதுதான் பயம். போட்டுக் கொடுப்பாள். அவர் எடுத்துக்கொண்டதாக இருக்காது. இன்றைக்குச் சிலந்தி, நாளைக்குச் செய்முறை வகுப்பு, சார் நீங்க உக்காருங்க நாங்க பாத்துக்கிடுதோம் என்பார்கள், அடுத்து கோயிலில் வேதபாடம் வாசிக்கிற முறை வேறொருவருக்குப் போகும், காப்பி டம்ளரில் பாதிதான் ஊற்றித் தருவார்கள், எல்லாம் அன்பினால், ஒருத்தர்கூடக் கெட்டவர் இல்லை, அன்பாலேயே ஒவ்வொரு விரலாக மடக்கிவிடுவார்கள். நோய் எடுத்துக்கொள்வதை எடுத்துக்கொள்ளட்டும், அதற்கு முன்னாலேயே நான் ஏன் கொடுக்க வேண்டும். இது வீம்பு. வீம்புதான். வீம்புக்காக உலகத்தில் இருக்கிற ஒரே ஒன்றைப் பணயம் வைக்க உனக்கு உரிமை உண்டா என்று ஒரு குரல் கேட்டது, அது டாக்டரின் குரலில் வந்தது, பிறகு சுடலைமணியின் குரலில், கடைசியில் தன் சொந்தக் குரலில். கேட்கட்டும். முப்பது வருஷமாக இந்த விரல்கள் செய்த வேலை இது, ஆயிரக்கணக்கில் கழற்றியிருக்கின்றன, கை துள்ளியதால் ஒன்று பிய்ந்தது என்று இத்தனை நாள் அவற்றைத் தண்டித்தாயிற்று, அந்தப் பழி பொய் என்று இப்போது தெரிந்துவிட்டது. பொய்ப் பழி சுமந்தவனுக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா. இன்னொன்றும் இருந்தது, இடது இல்லாவிட்டால் வலதை வரைந்து கண்ணாடியில் திருப்பியதுபோல இடதாக்கிப் போடுவார்கள், ஆய்வுப் பத்திரிகைக்காரர்கள் அதைத்தான் கேட்பார்கள். மாட்டேன். வலது வலதாகவே இருக்கும். இந்தச் சிலந்திக்கு இடம் வலம் என்று ஒரு ஒழுங்கு கிடையாது, தனக்குத் தோன்றியதைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடுகிறவன், அவனை நம் வழக்கத்துக்காகத் திருப்பிப் போட நாம் யார்.

வலது கையை மடியிலிருந்து தூக்கி மேசையில் வைத்தார். மணிக்கட்டுக்கு அடியில் மடித்த துணி. ஊசியை எடுத்தார். கண்ணை நுண்ணோக்கியில் வைத்ததும் அந்த வெள்ளை வட்டத்துக்குள் ஊசி ஒரு கடப்பாரையாக வந்து இறங்கியது, அதன் முனை அங்குமிங்கும் துழாவியது, குடித்தவன் சாவித் துவாரம் தேடுவது போல. பொறுத்தார். மூச்சை இழுத்துப் பிடித்தார். அடங்கட்டும் என்று காத்தார். காத்திருக்க இருக்க அதிகமாயிற்று. வியர்வை புருவத்தில் திரண்டது, துடைக்கக் கை இல்லை, சொட்டினால் தட்டுக்குள் விழும், முகத்தைத் திருப்பித் தோளில் தேய்த்தார், அந்த அசைவில் ஊசி தானாகவே இறங்கிவிட்டது. மூன்றாவது கால் தனியே மிதந்தது. போதும், இத்தோடு எழுந்துவிடு என்றது ஒவ்வொரு நரம்பும். கால் பரவாயில்லை, எட்டில் ஒன்று, இன்னொரு பக்கத்தில் அதே கால் இருக்கிறது, அதை எழுதிக்கொள்ளலாம், எழுந்திருக்காதே. சும்மா இருக்கும்போதுதான் நடுங்கும் என்றார் டாக்டர். அந்தரத்தில் ஊசியை நிறுத்திவைத்துக்கொண்டு அடங்கட்டும் அடங்கட்டும் என்று காத்திருந்தேனே, அது வேலையா, அதுதான் சும்மா இருப்பது. முப்பது வருஷமாக மாணவர்களுக்கு நிதானம் நிதானம் என்று சொல்லிக்கொடுத்ததை மறக்க வேண்டும், நிறுத்தினால்தான் நடுங்கும், நிறுத்தவே கூடாது. ஊசியை வெளியே எடுத்தார். இடது கை ஊசியால் மார்பை மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டார். வலது கையைத் தூரத்திலிருந்தே கிளப்பினார், நிற்காமல், தெருவில் நடந்துகொண்டே பேச்சுக்கொடுக்கிறவனைப் போல, வட்டத்துக்குள் வந்தது, போய்க்கொண்டே இருந்தது, குட்டைக்கையின் அடியில், உடம்போடு அது சேருகிற மெல்லிய சவ்வில், முனை நுழைந்தது, நுழைந்த வேகத்திலேயே வெளிப்பக்கமாகத் திருப்பினார், ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தது, விரலுக்கு எட்டாத, மனதுக்கு மட்டும் எட்டுகிற ஒரு நெகிழ்வு. குட்டைக்கை ஊசிமுனையோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்தது. மூச்சு விடவில்லை, நிறுத்தவும் இல்லை, அதே வீச்சில் பக்கத்தில் வைத்திருந்த குழியுள்ள கண்ணாடித் தகட்டின் கிளிசரின் துளியில் தோய்த்தார். ஊசி வெறுமையாக வந்தது. விழுந்ததா. எங்கே. துளிக்குள் ஒன்றுமில்லை, ஒன்றுமே இல்லை, பிறகு வெளிச்சத்தைத் திருப்பியதும் துளியின் ஓரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. இடது கையால் மெல்ல உருட்டினார். உள்பக்கம் வந்தது, முகத்தோடு ஒட்டிக் கிடந்து இதுவரை யாரும் பார்க்காத பக்கம். அங்கே ஒரு தகடு, கொக்கி போல வளைந்து, வளைவின் உள்ளே இரண்டு பல். மலைக்கு அந்தப் பக்கத்துப் பங்காளிக்குக் கொக்கியும் கிடையாது, பல்லும் கிடையாது. அதற்கு மேலே சுருள், சுருளின் கடைசியில் முனை, மயிரை நெடுக்கில் பிளந்து மறுபடி பிளந்தால் எவ்வளவோ அவ்வளவு. முழுசாக இருந்தது.

நஸ்ரினைக் கூப்பிட்டார். அவள் எடுத்ததும் கழற்றிவிட்டேன் என்றார். அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தை வைக்கிற ஓசை கேட்டது, பிறகு முனை என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது, ஒரு கால் போய்விட்டது என்றார். அதன் பிறகு தழும்பைச் சொன்னார், அதில் முளைத்த முடியைச் சொன்னார், சேதக் குப்பியைத் தட்டில் கவிழ்த்ததைச் சொன்னார், ஒன்றுக்கு வலது இல்லை ஒன்றுக்கு இடது இல்லை என்று சொல்லச் சொல்ல அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள், அவள் குறுக்கே பேசாமல் இருப்பது அதிசயம். கடைசியில், "நாங்க எல்லாரும் அந்தக் குப்பியிலதான சார் வெட்டிப் பழகினோம்?" என்றாள். ஆமாம் என்றார். "நானே எத்தனை கைய ஒடச்சேனோ. அதுக்குப் போயி அன்னைக்கு அழுதேன் சார்" என்றாள். இருவரும் சிரித்தார்கள், இந்தச் சிரிப்பு உள்ளே எங்கேயும் குத்தவில்லை. சிரிப்பு ஓய்ந்த பிறகும் அவள் வைக்கவில்லை. மைதானத்தில் யாரோ அவுட்டா இல்லையா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சார், கை நடுங்கலையா?"

பார்த்திருக்கிறாள். அன்றைக்கு வீடியோவிலேயே பார்த்திருக்கிறாள், அனுப்புங்க அனுப்புங்க என்றதெல்லாம் அதனால்தான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. வலது கை மேசைமேல் வெட்டவெளியில் தன் பீடியைச் சுற்றிக்கொண்டிருந்தது, மடிக்குக் கொண்டுபோகத் தோன்றவில்லை. நோயின் பெயரை அவளிடம் சொன்னார். டாக்டரைத் தவிர யாரும் சொல்லிக் கேட்காத பெயர், தன் வாயால் இப்போதுதான் முதல் தடவை, வேறு யாருடைய ஊர்ப் பெயரையோ சொல்வதுபோல இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஜெயசீலியிடமும் சொல்ல வேண்டும், அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கட்டும்.

"நடுங்குது நஸ்ரின். இப்பவும் நடுங்குது. இனிமே நிக்காதாம். நாளைக்கே வரைய ஆரம்பிக்கேன். கோடு கோணிச்சுன்னா அழிச்சிட்டு வரைவேன், மறுபடி கோணிச்சுன்னா மறுபடி அழிப்பேன். முடிச்சதுக்குப் பெறவு உன் மெஷினுக்கு அனுப்புதேன். நான் வரஞ்சது சரியான்னு அது பாத்துச் சொல்லட்டும்."

அவள் சரி சார் என்றாள். நாளை வரைக்கும் எதற்குப் பொறுக்க வேண்டும் என்று தோன்றியது. போனை வைத்துவிட்டுப் பிளேடை எடுத்துப் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். சீவல் மேசையெங்கும் சிதறியது.